ஓர் அரசனைச் சுமந்த தோல்

கி.பி. 704, ஜூன் 13. தேம்ஸ் நதி வளைந்து திரும்பும் ஓரிடத்தில், முப்பது குடும்பங்கள் பிழைக்கப் போதுமான நிலத்தை லண்டன் ஆயருக்கு இரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவன் ஸ்வாஃப்ரெட், கிழக்குச் சாக்சன்களின் அரசன். மற்றவன் பேயோக்தாத் என்ற பிரபு. ஊரின் பெயர் ட்விக்கன்ஹாம். எழுதியது ஒற்றைத் தோல் ஏட்டில். அந்த ஏடு இன்றைக்கும் இருக்கிறது. லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில், காட்டன் தொகுப்பின் ஆகஸ்டஸ் வரிசையில், இரண்டாம் பிரிவில் 82-ஆம் எண்.

கொடுத்த அரசனைப் பற்றிச் சொல்ல வேறு அதிகம் இல்லை. அவன் எப்போது பிறந்தான், யாரை மணந்தான், எந்தப் போரில் நின்றான், எங்கே புதைக்கப்பட்டான் என்று எந்த வரலாற்று நூலும் சொல்வதில்லை. அவன் பெயர் பொறித்த காசு கிடையாது. அவன் காலத்து இங்கிலாந்தில் எல்லாவற்றையும் விசாரித்து எழுதிய துறவி பீட், 731-ல் முடித்த தம் திருச்சபை வரலாற்றில் அவனுக்குத் தந்த இடம் அரை வாக்கியம். அதுவும் அவன் அண்ணனைப் பற்றிப் பேசும்போது, 'தம்பியோடு சேர்ந்து ஆண்டவன்' என்ற அளவில். ஸ்வாஃப்ரெட் அரசனாக எதையேனும் செய்தான் என்று நமக்குத் தெரிவதெல்லாம் நிலதானச் சாசனங்களால்தான். அவற்றில் அவன் காலத்தை ஒட்டிய தோலாகவே கைக்கு வந்தது இது ஒன்றுதான். அதனால் அரசனை விட்டுவிட்டு ஏட்டின் பின்னே போவது சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. அரசன் போன இடம் தெரியாது. ஏடு போன இடங்கள் தெரியும்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பீட் சொல்லும் ஒரு கதையை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்வாஃப்ரெடின் தந்தை செப்பி முப்பது ஆண்டுகள் ஆண்டவன். மனசு முழுக்கத் துறவில் இருந்தது. மனைவி சம்மதிக்காததால் அரியணையிலேயே காலம் தள்ளினான். கடைசியில் கடும் நோய் வந்தபோது அவள் இறங்கிவர, லண்டன் ஆயர் வால்ட்ஹேரிடம் போய்த் துறவாடை வாங்கிக்கொண்டான். ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லிப் பெருந்தொகையை ஆயர் கையில் வைத்தான். சுமார் 694-ல் இறந்ததும் உடலை வைக்கக் கல்லில் பெட்டி செய்தார்கள். பெட்டி குட்டையாகிவிட்டது. இரண்டு விரற்கடை செதுக்கிப் பார்த்தார்கள், அப்போதும் போதவில்லை. முழங்காலை மடக்கி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் பெட்டி தானாகவே நீண்டு இடம் கொடுத்ததாம். அருகே நின்றவர்களில் மூத்த மகன் சிகார்டும் ஒருவன். அவனுக்குப் பின்னால், பெயரளவில், ஸ்வாஃப்ரெட்.

தந்தைக்குத் துறவாடை போர்த்திய அதே வால்ட்ஹேருக்குத்தான் பத்தாண்டு கழித்து மகன் ட்விக்கன்ஹாமைக் கொடுத்தான். சாசனத்தில் இந்தப் பழைய தொடர்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆன்மா கடைத்தேற வேண்டிக் கொடுத்ததாக மட்டும் இருக்கிறது. ஆனால் பீட் சொன்னதையும் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, லண்டன் ஆயரும் கிழக்குச் சாக்சன் அரச குடும்பமும் இரு தலைமுறையாக எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்பது விளங்குகிறது.

ஏட்டை எழுதியது அரண்மனை எழுத்தர் அல்ல. அப்படி ஒரு பதவியே அப்போது இல்லை. தானம் வாங்குகிறவர் தம் ஆளை வைத்து எழுதிக்கொள்வதுதான் வழக்கம். அரசனுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முத்திரை கிடையாது, கையெழுத்தும் கிடையாது. சாட்சிகளின் பெயருக்கு முன்னால் சிலுவைக்குறி உண்டு. அதையும் பெரும்பாலும் எழுதியவரே போட்டுவிடுவார். சொல் லத்தீன், பொருள் ஆட்டுத் தோலோ கன்றுத் தோலோ. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி உலர்த்திய தோல்.

முகவுரை எனக்கு மிகவும் பிடித்தமானது. வாய்ச்சொல்லே சாட்சிக்குப் போதுமானதுதான். என்றாலும் வருங்காலத்தில் எவரும் அறியாமையால் தவறு செய்துவிடக்கூடாது என்பதால் இந்த எளிய ஏட்டையும் உறுதிக்குச் சேர்த்துக்கொள்கிறோம் என்ற பொருளில் அது தொடங்குகிறது. அந்தக் காலத்துச் சாசனங்களில் வழக்கமாக வரும் வாசகம்தான் அது. ஆனால் எழுத்து இன்னும் புதிதாக இருந்த நாட்டில், மதமே மூன்று தலைமுறைக்கு முன் வந்த நாட்டில், சொல்லின் மேல் நம்பிக்கை வைத்திருந்த மனிதர்களிடம் தோல் ஏன் தேவை என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த விளக்கம் பொய்யாகவில்லை. சாட்சி சொன்ன வாய்கள் எல்லாம் மண்ணாகிவிட்டன.

இரண்டு செய்திகளுக்காக இந்த ஏட்டை வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கிறார்கள். ட்விக்கன்ஹாம் மிடில்செக்ஸ் என்ற வட்டாரத்தில் இருப்பதாக இது சொல்கிறது. இன்று கிடைக்கும் சான்றுகளில் அந்தப் பெயர் முதன்முதலாக எழுதப்பட்டிருப்பது இங்கேதான். லார்ட்ஸ் மைதானத்தில் ஆடும் மிடில்செக்ஸ் அணியைக் கிரிக்கெட் பார்க்கும் எவரும் அறிவார்கள். 1965-ல் நிர்வாக மாவட்டமாக அது ஒழிக்கப்பட்ட பிறகும் அணியின் பெயரில் நீடிக்கிறது. இரண்டாவது செய்தி, ஆண்டைக் கிறிஸ்துவின் பிறப்பிலிருந்து எண்ணி 704 என்று குறித்திருப்பது. பீட் காலக்கணிப்பைப் பற்றிப் பெரிய நூல் எழுதியது 725-ல். அதன் பிறகுதான் இப்படி ஆண்டு எண்ணுவது இங்கிலாந்தில் பரவியது என்பது பொதுவான கருத்து. இருபது ஆண்டு முன்பே இங்கே வருகிறதே என்பதால், இது மூல ஏடுதானா, சற்றுப் பிந்தி எழுதிய நகலா என்று விவாதம் நடந்திருக்கிறது. எழுத்தின் அமைப்பை வைத்து, எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள்ளேயே இதை நிறுத்துகிறார்கள். விவாதம் எப்படி முடிந்தாலும் ஸ்வாஃப்ரெடை நேரில் பார்த்தவர்கள் உயிரோடு இருந்த காலத்துத் தோல் இது.

அரசன் தானம் கொடுத்தான் என்றேன். முழுச் செய்தி அதைவிடச் சங்கடமானது. தன் சொந்த நாட்டில் நிலம் கொடுக்க அவனுக்கு மேலே ஒருவனுடைய அனுமதி தேவைப்பட்டது. வடமேற்கே இருந்த மெர்சியப் பேரரசன் எத்தல்ரெடின் சம்மதத்தோடு என்று ஏடே சொல்கிறது. கூடவே நிற்கும் பேயோக்தாத் மெர்சியாவின் ஆள் என்று கருதுகிறார்கள். கிழக்குச் சாக்சன் அரசுக்கு லண்டன் இருந்தது, துறைமுகம் இருந்தது, பழங்குடி அரச வமிசம் இருந்தது. மற்ற ஆங்கில அரச வமிசங்கள் வோடன் என்ற தெய்வத்தைத் தங்கள் முன்னோன் என்று சொல்லிக்கொள்ள, இவர்கள் மட்டும் சாக்ஸ்நேட் என்ற வேறொரு தெய்வத்திலிருந்து வம்சாவளி சொன்னார்கள். அவ்வளவும் இருந்தும், தேம்ஸ் கரையில் முப்பது குடி நிலத்துக்கு மேலே பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது.

எத்தல்ரெட் அந்த ஆண்டே முடி துறந்து பார்ட்னி மடத்தில் துறவியானான். அவன் சம்மதத்துக்கு இனி மதிப்பு இருக்குமா? அடுத்து வந்த கோயன்ரெடும் இதே ஏட்டில் உறுதிமொழி சேர்த்தான். 709-ல் கோயன்ரெடும் அரசைத் துறந்து ரோமுக்குப் போனான். அவனோடு சேர்ந்து போனவன் ஆஃபா, கிழக்குச் சாக்சன் அரச குடும்பத்தின் அழகிய இளைஞன்; மனைவியையும் நிலங்களையும் உறவையும் விட்டுப் போனான் என்று பீட் பாராட்டி எழுதுகிறார். மூன்றாவதாக வந்த செயோல்ரெடும் ஏட்டில் ஒப்புதல் தந்தான். 716-ல் அவன் தோழர்களோடு விருந்துண்டுகொண்டிருந்தபோது வெறி பிடித்துச் செத்தான் என்று பிற்பாடு போனிஃபேஸ் என்ற பேராயர் ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். ஒருவன் மடத்துக்கு, ஒருவன் ரோமுக்கு, ஒருவன் விருந்து மேசையில் மரணத்துக்கு. மூன்று பேரும் இந்த ஒரு தோலில் வரிசையாக நிற்கிறார்கள். கோயன்ரெடும் செயோல்ரெடும் ஒப்புதல் தந்த இடமாக 'ஆர்ச்சென்காலே' என்ற ஊரைச் சொல்கிறது ஏடு. அது எந்த ஊர் என்று இன்றுவரை யாரும் நிச்சயமாகக் கண்டுபிடிக்கவில்லை.

ஏடு எழுதப்பட்ட சிறிது காலத்திலேயே, 704 அல்லது 705-ல், வால்ட்ஹேர் கேன்டர்பரி பேராயர் பெர்ட்வால்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவும் தப்பித்தது. மேலை ஐரோப்பாவில் தோலில் எழுதி மடித்து அனுப்பப்பட்ட கடிதங்களில், மூலமாகவே மிஞ்சியவற்றில், மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். காட்டன் தொகுப்பில் அதே ஆகஸ்டஸ் வரிசையில் 18-ஆம் எண். மேற்குச் சாக்சன் அரசனுக்கும் நம் நாட்டு ஆட்சியாளர்களுக்கும் பகை முற்றிக் கிடக்கிறது, நாடு கடத்தப்பட்டவர்களுக்கு இங்கே இடம் கொடுத்ததால் வந்த வினை இது, அக்டோபர் நடுவில் பிரென்ட்ஃபோர்டில் கூடிப் பேசப் போகிறார்கள், நான் போகலாமா என்று கேட்கிறார் ஆயர். 'ஆட்சியாளர்கள்' என்று பன்மையில் அவர் சொல்வது சிகார்டையும் ஸ்வாஃப்ரெடையும்தான். பிரென்ட்ஃபோர்ட் ட்விக்கன்ஹாமிலிருந்து சில மைல் தூரத்தில், அதே நதிக்கரையில். அப்படியானால் ஆயருக்குக் கொடுத்த நிலம் மூன்று அரசுகள் உரசிக்கொள்ளும் எல்லையில் இருந்தது. அங்கே திருச்சபையை உட்காரவைத்ததில் பக்தியோடு சேர்ந்து வேறு கணக்கும் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஏட்டின் பயணம் இங்கிருந்து தொடங்குகிறது. லண்டன் ஆயரிடம் இருந்தது கேன்டர்பரிக்குப் போனது. எட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் ட்விக்கன்ஹாம் நிலம் கேன்டர்பரி கிறிஸ்து ஆலயத்தின் சாசனங்களில் தலைகாட்டுகிறது. நிலம் விற்கும்போது மூலப்பத்திரத்தையும் கையோடு கொடுப்பார்களே, அதே முறை. தோல் யாரிடமோ நிலம் அவரிடம். ஸ்வாஃப்ரெட் யார் என்று கேன்டர்பரித் துறவிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு அவன் பத்திரத்தின் தலையில் இருக்கும் பெயர். வழக்கு வந்தால் உதவும் பெயர். அந்த உபயோகம் இருந்ததால்தான் ஏட்டை மடித்துப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள்.

இந்தத் தோல் நிலைத்திருக்க, கிழக்குச் சாக்சன் அரசு முடிந்துபோனது. ஒன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அதன் கடைசி மன்னன் சிகரெட் மெர்சிய அரசர்களின் சாசனங்களில் சாட்சியாக வருகிறான். முதலில் அரசன் என்றும், பிறகு சிற்றரசன் என்றும், பிறகு வெறும் தலைவன் என்றும். ஒரு நாடு சாகும் விதத்தை இத்தனை துல்லியமாகச் சாட்சிப் பட்டியலில் பார்க்க முடிவது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசைப் பிசைகிறது. 825-ல் எலன்டூன் போருக்குப் பின் கிழக்குச் சாக்சன்கள் மேற்குச் சாக்சன் அரசான வெசெக்ஸுக்கு அடங்கினார்கள்.

கேன்டர்பரியில் ஏடு பாதுகாப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. 1011-ல் டேனியர்கள் நகரைப் பிடித்துச் சூறையாடினார்கள். பேராயர் ஆல்ஃபெஜைக் கொண்டுபோய் அடுத்த ஆண்டு கொன்றார்கள். 1067-ல் பேராலயமே எரிந்தது. அதில் பழைய ஆவணங்கள் பல கருகியதைச் சிறுவனாக அங்கே வளர்ந்த ஈட்மர் பின்னாளில் எழுதினார். 1174-ல் மறுபடி தீ, இம்முறை பாடற்குழு மாடத்தில். ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி வெளியே தூக்கப்பட்டிருக்க வேண்டும். தூக்கியவர் பெயர் எதிலும் இல்லை.

1540-ல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் கிறிஸ்து ஆலய மடத்தைக் கலைத்தார்கள். நிலம் பறிபோனதும் பத்திரத்துக்கு வேலை போனது. இந்த ஏட்டின் வாழ்க்கையில் மிக ஆபத்தான காலம் தீப்பிடித்த காலங்களைவிட இதுதான் என்று நான் நினைக்கிறேன். பயனற்றுப்போன தோல்களைப் புத்தக அட்டைக்கும் வேறு சில்லறை வேலைக்கும் வெட்டி எறிந்த காலம் அது. இதற்குத் தப்பித்து வந்த ஏடுகளில் பல, பழம்பொருள் ஆர்வலர் சர் ராபர்ட் காட்டன் கையில் சேர்ந்தன. 1571-ல் பிறந்த அவர் கையெழுத்துச் சுவடிகளைச் சேர்த்த வேகம் நம்ப முடியாதது. தம் நூலக அலமாரிகளின் மேல் ரோமப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகளை வைத்து, அந்தப் பெயர்களாலேயே அலமாரிகளை அழைத்தார். பேவுல்ஃப் காவியச் சுவடி விட்டேலியஸ் பெயரில், லிண்டிஸ்பார்ன் நற்செய்தி நீரோ பெயரில், பெரிய தோல் ஏடுகளும் வரைபடங்களும் ஆகஸ்டஸ் பெயரில். 1215-ன் மாக்னா கார்ட்டா பிரதி ஒன்றும் அதே ஆகஸ்டஸில், இரண்டாம் பிரிவில், 106-ஆம் எண். யாரும் அறியாத ஸ்வாஃப்ரெடும் உலகமே அறிந்த மாக்னா கார்ட்டாவும் ஒரே அலமாரிக்காரர்கள்.

பழைய ஆவணங்களை வைத்து நாடாளுமன்றத்தார் அரசனோடு வாதாடுவது வளர்ந்தபோது முதலாம் சார்லஸ் 1629-ல் அந்த நூலகத்தை மூடி முத்திரை வைத்தான். தம் சுவடிகளைத் தாமே தொட முடியாத துயரத்தில் காட்டன் 1631-ல் இறந்தார். அவருடைய பேரன் ஜான் தொகுப்பை நாட்டுக்கே விட்டுச் சென்றார். 1731 அக்டோபர் 23 அதிகாலை, அது வைக்கப்பட்டிருந்த ஆஷ்பர்னம் மாளிகையில் தீ. ஜன்னல் வழியே சுவடிகளைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். மொத்தம் 958 சுவடிகளில் 114 அழிந்தோ முற்றாகக் கெட்டோ போயின, 98 சேதமாயின என்று அடுத்த ஆண்டு நாடாளுமன்றக் குழு கணக்கெடுத்தது. பேவுல்ஃப் ஓரங்கள் கருகின. ஆகஸ்டஸ் வரிசை தப்பித்தது. 1753-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், 1973-ல் அதிலிருந்து பிரிந்த பிரிட்டிஷ் நூலகம் என்று அது அடுத்தடுத்து இடம் மாறியது.

ஸ்வாஃப்ரெடுக்கு மறுபடி ஓர் அரசனாக வாழ்வு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ஜான் மிட்செல் கெம்பிள் 1839-இலிருந்து ஆங்கிலோ-சாக்சன் சாசனங்களைத் தொகுத்து அச்சிட்டார். 1870-களில் அருங்காட்சியகம் பழைய ஏடுகளின் நகல் படங்களை வெளியிட்டது. 1968-ல் பீட்டர் சாயர் எல்லாச் சாசனங்களுக்கும் எண் கொடுத்துப் பட்டியலிட்டார். இந்த ஏடு அதில் 65. நிலத்துக்கு உரிமை சொல்ல வைத்திருந்த தோல், இப்போது ஒரு நாட்டின் எல்லையையும் அரசனின் பலவீனத்தையும் சொல்லும் சான்றாக மாறியது. 2023 அக்டோபரில் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது இணையத்தில் இருந்த சுவடிப் படங்கள் நெடுங்காலம் பார்க்கக் கிடைக்காமல் போயின. தோல்கள் அப்படியே இருந்தன.

ஸ்வாஃப்ரெடின் கதையில் கடைசியாகச் சேர்ந்த துண்டு வேறு வழியாக வந்தது. லண்டனுக்கு வடகிழக்கே, லீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் நேசிங் என்ற ஊர். 1975-76-ல் அங்கே தோண்டியபோது மரத்தால் கட்டிய தேவாலயங்களின் அடையாளங்களும், அவற்றைச் சுற்றி ஏறத்தாழ இருநூறு கல்லறைகளும் கிடைத்தன. பெரும்பாலும் பெண்கள், வயதானவர்கள் பலர். பெண்துறவியர் மடம் ஒன்று இங்கே இருந்ததா, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்களா என்று கேள்வி எழுந்தது. எழுத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. பிறகு, இல்ஃபர்டில் இருந்த பழைய மருத்துவமனையின் பதிவேடு ஒன்றில் இரண்டு சாசனங்களின் பிற்காலப் படிகள் கண்டெடுக்கப்பட்டன. அந்த மருத்துவமனையை நிறுவியது பார்க்கிங் பெண்துறவியர் மடத்தின் தலைவி. அதனால் பெண்துறவியரின் பழைய ஆவணங்கள் அங்கே படியெடுக்கப்பட்டிருந்தன. ஹாட்ஃபீல்டு மாளிகையில் கிடந்த அந்தப் பதிவேட்டிலிருந்து கென்னத் பாஸ்கோம் 1987-ல் அவற்றை வெளியிட்டார். இரண்டையும் கொடுத்தவன் அரசன் ஸ்வாஃப்ரெட். கொடுத்த இடம் நேசிங், கடவுளின் இல்லம் கட்டுவதற்காக. வாங்கியவள் ஃபிம்மி என்ற பெண்.

எலும்புகள் முதலில் வந்தன, பெயர் பத்தாண்டு கழித்து வந்தது. பழைய கிழக்குச் சாக்சன் நாடான எசெக்ஸில் 2003-ல் பிரிட்டில்வெல்லில் தோண்டிய இளவரசக் கல்லறையில் பொன் சிலுவைகளும் யாழும் கிண்ணங்களும் இருந்தன; உள்ளே கிடந்தவன் யாரென்று சொல்ல ஓர் எழுத்துக்கூட இல்லை. நேசிங்கில் நேர் எதிர்: பெயர்கள் எழுத்தில் கிடைத்தன. டெஞ்சி தீபகற்பத்தில் ஆயர் இங்வால்டுக்கு ஸ்வாஃப்ரெட் கொடுத்த நிலத்தைப் பற்றிய குறிப்பும் தொலைந்த சுவடி ஒன்றிலிருந்து எடுத்த துண்டாகக் கிடைக்கிறது. ஆக ட்விக்கன்ஹாம், டெஞ்சி, நேசிங்கின் இரண்டு என்று நான்கு தானங்கள். ஓர் ஆயருக்கு, அவருக்குப் பின் வந்த ஆயருக்கு, ஒரு பெண்ணுக்கு. மூன்று பேருக்கும் நிலம் கிடைத்தது. பெண்ணுக்குக் கிடைத்த நிலத்தில் கட்டியது எதுவாக இருக்கும் என்பதை இப்போது கல்லறைகளோடு வைத்துப் பார்க்கலாம், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.